வீட்டில் வைக்கக் கூடாத பெட்டி

பெரிய பெட்டிகளைச் சேர்க்கிறவனைப் பார்த்தால் எல்லாரும் முதலில் கேட்பது, நீங்கள் எங்கே படுப்பீர்கள் என்பதுதான். நீங்களும் வீட்டுக்குள் வந்ததும் அதைத்தான் கேட்டீர்கள். திண்டிவனத்தில் எங்களுடையது சின்ன வீடு. ஒரு கூடம், ஓர் அறை, ஒரு சமையல்கட்டு. கூடத்தில் சுவரை ஒட்டி ரேடியோகிராம்கள் நிற்கின்றன. அறையில் மரக்கதவு வைத்த பழைய டிவிகள். மிச்சம் இருந்த நடையில் நானும் என் மனைவி கெங்கம்மாளும் பாய் விரித்துக்கொள்வோம். அங்கே காற்று நன்றாக வரும். குறை சொல்ல முடியாது.

"மனுசன் மொடங்கிப் படுக்கறான், பொட்டிங்க மட்டும் ஜம்முன்னு காலை நீட்டிக்கினு கெடக்குது" என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள் கெங்கா. ஆனால் ஒவ்வொரு பெட்டிக்கும் அளவெடுத்து உறை தைத்துப் போட்டவளும் அவள்தான். பழைய புடவைகளைக் கிழித்துத் தைத்தவை. உள்ளே என்ன பெட்டி இருக்கிறது என்பதை எந்தப் புடவை என்பதை வைத்துச் சொல்லிவிடுவாள்.

அவள் உயிரை வாங்கிய பெட்டியை ஏன் வீட்டைவிட்டு வெளியேற்றவில்லை என்று கேட்கிறீர்கள். அவள் தம்பி சிங்காரமும் அதையேதான் கேட்டான். நியாயமான கேள்வி. பதில் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் 1993இலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும். அவசரப்பட வேண்டாம். எனக்கும் இப்போது வேறு வேலை இல்லை.

அப்போது நான் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தேன். வீட்டுக்கு வீடு கேபிள் இழுத்துக்கொண்டிருந்த சமயம். வால்வ் ரேடியோவைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர்கள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். அதனால் விழுப்புரம், கண்டாச்சிபுரம், கோட்டக்குப்பம் என்று எங்கே ஒரு பழைய பெட்டி மக்கர் பண்ணினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நீங்கள் சின்ன வயதுக்காரர், ரேடியோகிராமைப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒரு பீரோவைப் படுக்க வைத்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு இருக்கும். தேக்குமரம். ஒரு பக்கம் ரேடியோ, மறுபக்கம் இசைத்தட்டு சுற்றும் மேடை, கீழே இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள். ஸ்விட்சைப் போட்டதும் சத்தம் வராது. உள்ளே வால்வுகள் சூடேற வேண்டும். அந்தக் காத்திருப்பு எனக்குப் பிடிக்கும். பிறகு துணிக்குப் பின்னாலிருந்து ஓர் ஆள் தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பிப்பான். இப்போது வருகிற பிளாஸ்டிக் சாமான்களில் இதெல்லாம் இல்லை.

விழுப்புரத்தில் முத்துசாமி என்று ஒருவர். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் ஒரு ரேடியோகிராம் இருந்தது. கீறல் இல்லை, வெடிப்பு இல்லை. கால்களில் போட்ட பித்தளைப் பூண்கூட மங்கவில்லை. கொடுப்பீர்களா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"எம் பொணம் இந்த ஊட்ட விட்டுப் போவட்டும்யா, அப்புறம் எங்கிட்டயே வந்து கேளு" என்றார். சிரிப்பூட்டுகிற மனிதர்.

அந்தக் காலத்துப் பெட்டிகள் சிலவற்றில் உள்ளே இருக்கும் இரும்புத் தட்டிலேயே கரண்ட் ஓடும். ப்ளக்கை எந்தப் பக்கமாகச் சொருகுகிறோம் என்பதைப் பொறுத்தது அது. மனிதனுக்கும் கரண்டுக்கும் நடுவே இருப்பது மரமும் திருகுகிற நாப்களும்தான். நாப் கழன்று உள்ளே இருக்கும் கம்பி வெளியே தெரிந்தால் அதைத் தொடக் கூடாது. இதை நான் எல்லா வீடுகளிலும் சொல்வேன். முத்துசாமி வீட்டில் ரிப்பேர் முடித்த அன்று ஒரு நாப்பில் ஸ்க்ரூ தேய்ந்திருந்தது. புதிதாகப் போட்டுக் கொண்டுவருகிறேன் என்று கழற்றி எடுத்துக்கொண்டேன். கம்பியைத் தொடாதீர்கள் என்று சொல்ல மறந்துவிட்டேன். அது என் அஜாக்கிரதை. அதை அஜாக்கிரதை என்றுதான் இன்றுவரை வைத்திருக்கிறேன்.

அடுத்த வாரம், அப்பா கரண்ட் அடித்துப் போய்விட்டார் என்று அவர் மகன் ஆள் அனுப்பினான். என்னைப் பிடித்து உலுக்கப் போகிறான் என்று நினைத்துக்கொண்டு போனேன். வீட்டில் சாவுப் பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. ரேடியோகிராமை முற்றத்தில் வெயிலில் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். மேலே யாரோ ஒரு வாளி தண்ணீர் வேறு ஊற்றியிருந்தார்கள்.

"ஒரு உயிர வாங்கிக்கினு நிக்குது. இனிமே இது நம்ம வாசப்படி தாண்டக் கூடாது" என்றான் மகன். "காசு கீசுன்னு எதுவும் பேசாதீங்க. ஜல்தியா எடுத்துக்கினு போயிடுங்க. எங்கம்மா கண்ணுல பட வேணாம்."

அந்த வழக்கம் எனக்குத் தெரியாதது அல்ல. எங்கள் பக்கத்தில் உயிர் வாங்கிய சாமானை வீட்டில் வைக்க மாட்டார்கள். ஆளை முட்டிக் கொன்ற மாட்டைக் கொட்டகையில் கட்ட மாட்டார்கள். தூக்குப் போட்ட மரத்தை வெட்டிவிடுவார்கள், விறகைக்கூட யாரும் அடுப்பில் வைக்க மாட்டார்கள். விற்றுக் காசு வாங்கினால் அந்தச் சாவில் பங்கு வாங்கியது போல. அதனால் சும்மாதான் கொடுப்பார்கள், அதுவும் உடனே கொடுப்பார்கள். சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்த விஷயம். ஆனால் ரேடியோகிராமுக்கும் இது பொருந்தும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது.

மினி லாரியில் பின்னால் ஏறி, பெட்டி ஆடாமல் திண்டிவனம் வரை பிடித்துக்கொண்டே வந்தேன். சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. தண்ணீர் உள்ளே இறங்கியிருக்குமோ என்ற கவலை மட்டும் இருந்தது. இறங்கவில்லை.

அதற்குப் பிறகு நான் சேர்த்த பெட்டிகளில் பெரும்பாலானவை நேர் வழியில் வந்தவை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அரசாங்கம் வீட்டுக்கு வீடு இலவசக் கலர் டிவி கொடுத்த வருடங்களில் எனக்குக் கொண்டாட்டம். கதவு வைத்த பெரிய டிவிகளைத் தூக்கிக் கோழி அடைக்க வைத்தார்கள். சிலர் கேப்பை மூட்டை அடுக்கினார்கள். போகி வந்தால் கொளுத்தப் போட்டுவிடுவார்கள். போகிக்கு முந்தின நாள் நான் தெருத் தெருவாகச் சுற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டு வருவேன். கோட்டக்குப்பத்தில் ஒரு பாய் வீட்டில், சவுதியிலிருந்து கப்பலில் வந்த ஸ்டீரியோவை, ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் என் நெஞ்சு உயரம், எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று பிரியாணியும் போட்டு அனுப்பினார்கள். குப்பை பொறுக்குகிறான் என்று என்னைப் பேசாதவர்கள் இல்லை. பேசட்டும். எரிகிற தீயிலிருந்து ஒன்றைக் காப்பாற்றுகிறவனுக்கு அதெல்லாம் உறைக்காது.

கொடுக்க மாட்டேன் என்று சொன்னவர்களும் உண்டு. அவர்களில் பெரும்பாலானவர்களை நான் அப்படியே விட்டுவிட்டேன். கண்டாச்சிபுரத்தில் ஒரு வீடு இருக்கிறது. நீங்கள் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டால் சொல்கிறேன்.

நீங்கள் கேட்டது ருக்கு அம்மாவைப் பற்றி. விழுப்புரத்தில் தனியாக இருந்தார். கணவர் பாண்டிச்சேரிக்காரர், பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து பென்ஷனோடு வந்தவர். வரும்போது கப்பலில் ஒரு பெட்டி கொண்டுவந்தார். அது மாதிரி ஒன்றை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. டிவி, ரேடியோ, இசைத்தட்டு மேடை மூன்றும் ஒரே மரத்தில். மூடினால் பூஜை அலமாரி போல இருக்கும். டிவிப் பகுதி இந்த ஊரில் ஒரு நாளும் படம் காட்டியது கிடையாது, நம் ஊர் சிக்னல் அதற்கு ஒத்துவராது. ரேடியோ மட்டும் பாடும். கணவர் போன பிறகும் அந்த அம்மா தினம் காலையில் அதைப் போட்டுப் பாட்டு கேட்பார்.

முதல் தடவை அதைப் பார்த்த அன்று பாதி குடித்திருந்த காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அதன்பின் ரிப்பேர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தப் பக்கம் போனால் எட்டிப் பார்ப்பேன். அந்த அம்மாவுக்கும் பேச்சுத்துணை வேண்டியிருந்தது. நல்ல மனுஷி. தீபாவளிக்கு கெங்காவுக்குப் புடவை எடுத்துக் கொடுத்தார். இரண்டு வருடம் போய் வந்த பிறகுதான் வாய் திறந்து கேட்டேன்.

"நான் இருக்கற வரைக்கும் இத்த நகத்த மாட்டேன் தம்பி" என்றார். "எனக்கப்புறம் பேத்தி சங்கவிக்குன்னு சொல்லி வச்சிட்டேன். அது பாட்டு கத்துக்குது இல்ல. தாத்தா பொட்டி எனக்குத்தான்னு சண்ட புடிச்சிக்கினு இருக்குது."

இதை நீங்கள் கவனிக்க வேண்டும். அந்த அம்மா வயதானவர், சர்க்கரை உண்டு. நான் காத்திருந்தால் என்ன என்று நீங்கள் நினைக்கலாம். காத்திருந்தால் பெட்டி பேத்திக்குப் போய்விடும். மெட்ராஸில் கல்யாணம் ஆகி, ஏதோ ஒரு மாடியில், குழந்தைகள் ஏறி மிதிக்கும். அந்த அம்மாவின் சாவு எனக்கு எந்த விதத்திலும் உதவாது. பெட்டியால் வந்த சாவாக இருந்தால்தான் அது வேறு யாருக்கும் போகாது. இதை ஒரே நாளில் யோசிக்கவில்லை. பல மாதம் வேறு வழி இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

2009இல் ஒரு திங்கட்கிழமை போனேன். சங்கவி சனி ஞாயிறு பாட்டியோடு இருப்பாள், அதனால் அந்த நாட்களைத் தவிர்த்தேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள். நான் சின்னப் பெண்ணுக்கு ஏதாவது ஆகட்டும் என்று விடுகிற ஆள் இல்லை. ரேடியோவைத் துடைத்து, சரிபார்த்து, நாப்கள் விரிசல் விட்டிருக்கின்றன, பாண்டிச்சேரியில் ஜோடி கிடைக்கும், வாங்கி வருகிறேன் என்று எல்லாவற்றையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். ப்ளக்கையும் நான்தான் சொருகினேன்.

"அதுவரைக்கும் எப்பிடி தம்பி திருப்பறது?"

"உள்ள கம்பி நீட்டிக்கினு இருக்குது பாருங்கம்மா. அத்தப் புடிச்சித் திருப்பினா பாடும்" என்றேன்.

அது உண்மைதான். திருப்பினால் பாடும். அந்த அம்மா குளித்துவிட்டு, துளசிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, ஈரக் காலோடு வந்துதான் ரேடியோ போடுவார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் நான் யார் கையையும் பிடித்து அதில் வைக்கவில்லை.

செய்தி வந்ததும் மாலை வாங்கிக்கொண்டு போனேன். மகன் அறிவுச்செல்வன் காலேஜில் பாடம் நடத்துகிறவர், இந்த மாதிரி வழக்கங்களைக் கிண்டல் செய்கிறவர். அவர் எங்கே பெட்டியை வைத்துக்கொண்டுவிடுவாரோ என்று எனக்கு உள்ளுக்குள் பயம் இருந்தது. ஆனால் அவர் மனைவி அந்தக் கூடத்துக்குள் கால் வைக்க மறுத்துவிட்டார். சொந்தக்காரர்களும் ஆளுக்கு ஒன்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

"எனக்கு இதுலலாம் நம்பிக்க இல்லீங்க" என்றார் அறிவுச்செல்வன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு. "ஆனா அம்மா வுழுந்து கெடந்த எடத்துல அது நிக்கறத என்னால பாக்க முடியல. நீங்களே எடுத்துக்கினு போயிடுங்க. அம்மாவுக்கும் ஒங்க மேல ஒரு பிரியம்."

பெட்டியை ஏற்றும்போது சங்கவி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எப்போதாவது வந்து பார்க்கலாமா அங்கிள் என்று கேட்டாள். தாராளமாக வா என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அவள் வரவேயில்லை.

பெட்டி வீட்டுக்கு வந்ததில் ஒரு சிக்கல் இருந்தது. கழற்றிய நாப்கள் என்னிடம்தான் இருந்தன. அவற்றை மாட்டினால், சங்கவியோ அறிவுச்செல்வனோ வந்து பார்க்கிற அன்று அடையாளம் தெரிந்துவிடும். விரிசல் விட்டது என்று நான் சொன்ன நாப்களில் விரிசல் எதுவும் இல்லை. அதனால் ஒரு பால்பவுடர் டப்பாவில் போட்டுப் பரணில் வைத்துவிட்டேன். பெட்டி அப்படியே மொட்டைக் கம்பிகளோடு கூடத்தில் நின்றது. வேறு நாப் போடலாமே என்று நீங்கள் கேட்கலாம். அந்தப் பெட்டிக்கு வேறு நாப் போட எனக்கு மனம் வராது.

கெங்கா முதலில் அதை உள்ளே விட மாட்டேன் என்றாள். வாசலிலேயே எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் சுற்றினாள்.

"இன்னாங்க இது, ஊர்ல இருக்கறவன்லாம் தூக்கிப் போடறத நீங்க தேடித் தேடிக் கொண்டாறீங்க? ஆள முழுங்குனதா பாத்து நம்ம ஊட்டுக்கே வந்து சேருது" என்றாள்.

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு அவளாகவே அந்த அம்மா வாங்கிக் கொடுத்த தீபாவளிப் புடவையைப் பிரித்து அதற்கு உறை தைத்தாள். அவங்க புடவை அவங்க பெட்டிக்கே போகட்டும் என்றாள். அந்த அம்மாவை நினைத்து நான் அழுததும் அன்றைக்குத்தான்.

ரேடியோ சரியாக இருந்தது. இசைத்தட்டு மேடைதான் சுற்றவில்லை. அதைச் சரிசெய்ய ஏறக்குறைய இரண்டு வருடம் ஆனது. உள்ளே ஒரு ரப்பர் சக்கரம் இறுகிப் போயிருந்தது, அது எங்கும் கிடைக்கவில்லை. கடைசியில் நானே ஒன்றைச் செதுக்கினேன். அந்தச் சமயத்தில் கெங்கா பரணை ஒழிக்கும்போது டப்பா கையில் கிடைத்தது. எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் குலுக்கினாள்.

"இது அந்தப் பெரிய பொட்டியோட நாப்புதானே? இத்த வச்சிக்கினா அத்த பல்லு போன கெழவியாட்டம் நிக்க வச்சிருக்கீங்க? மாட்ட வேண்டியதுதானே?"

"மாட்டணும்" என்றேன்.

அவள் டப்பாவுக்குள் பார்த்தாள். ஒரு நாப்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் பாண்டிச்சேரியில் அந்த அம்மாவுக்காக நாப் தேடுவதாகச் சொன்ன கதை அவளுக்குத் தெரியும், அறிவுச்செல்வன் சாவு வீட்டில் எல்லாரிடமும் சொல்லியிருந்தார். அவள் மூடியை அழுத்தி மூடி, டப்பாவைப் பழைய இடத்திலேயே வைத்தாள். அந்த வாரம் முழுக்கக் குழம்பில் உப்புச் சரியில்லை.

அவள் இறந்தது அதற்கடுத்த வெள்ளிக்கிழமை காலை. வீட்டைக் கழுவிவிட்டு, ஈரத் துணியால் பெட்டிகளைத் துடைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். நான் காய் வாங்க மார்க்கெட் போயிருந்தேன் என்று உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். திரும்பி வந்து பார்த்தபோது கூடத்தில் கிடந்தாள் என்றும் எழுதியிருக்கிறேன்.

சிங்காரம் தகவல் தெரிந்ததும் நிலத்தில் மல்லாட்டைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்த சேற்றுக் காலோடு ஓடிவந்தான். அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதான். எனக்கு அழுகை வரவில்லை. இப்போதும் வரவில்லை. உடம்பில் எங்கோ ஒரு ஸ்விட்சை அணைத்து வைத்தது போல இருக்கிறது. காரியம் முடிந்த அன்று அவன் நாலு ஆட்களைக் கூட்டிக்கொண்டு கூடத்துக்குள் வந்தான்.

"மாமா, மொதல்ல அந்தப் பொட்டிய வெளிய தூக்கணும். அக்கா உயிர வாங்கினது. இன்னும் உள்ளாற வச்சிக்கினு இருக்கீங்களே" என்றான்.

பார்க்கலாம் என்றேன். அவன் கேட்கவில்லை. ஆட்கள் ஆளுக்கு ஒரு மூலையில் கை வைத்தார்கள். நான் போய் முன்னால் நின்றேன். எனக்கே தெரியாமல் வாயில் வந்துவிட்டது. முன்பக்கம் சாய்க்காதீர்கள், கதவு கழன்றுவிடும், கீழே துணி போட்டு நகர்த்துங்கள் என்றேன். பிறகு நகர்த்தவே வேண்டாம் என்றேன்.

சிங்காரம் என்னைப் பார்த்தான்.

"அக்காவத் தூக்கிக்கினு போறப்போகூட நீங்க இவ்ளோ பதறலியே மாமா."

தெருவே என்னைப் பார்த்தது. என் தவறு அதுதான். வேறு எதிலும் நான் தவறு செய்யவில்லை. அன்றைக்குப் பெட்டியைத் தெருவில் போட்டு இரண்டு வாளி தண்ணீர் ஊற்றியிருந்தால் இன்று நான் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்க மாட்டேன். எல்லா வீட்டிலும் அந்த வழக்கத்தை நம்பித்தான் நான் காரியம் செய்தேன். என் வீட்டுக்கு வந்தபோது என்னால் முடியவில்லை. சிங்காரத்துக்கு வால்வும் தெரியாது, ப்ளக்கும் தெரியாது. செத்தவளின் புருஷன் செய்ய வேண்டியதை இவன் செய்யவில்லை என்பது மட்டும் தெரிந்தது. இந்தப் பெட்டி யார் வீட்டிலிருந்து வந்தது என்று விசாரித்துக்கொண்டு விழுப்புரம் போனான். அறிவுச்செல்வன் அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டாராம், பெட்டியில் நாப் இருக்கிறதா என்று. பிறகு இரண்டு பேருமாக ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தார்கள். நீங்கள் பரணில் ஏறினீர்கள்.

முத்துசாமி விஷயத்தை அஜாக்கிரதை என்று எழுதிக்கொள்ளுங்கள். ருக்கு அம்மா விஷயத்தை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கெங்கா விஷயம் விபத்து என்று நீங்கள் நினைக்கிறீர்கள். சிங்காரமும் அப்படித்தான் நினைக்கிறான். அவன் கோபமெல்லாம் பெட்டியை வைத்துக்கொண்டேன் என்பதில்தான். விபத்து என்பதை மட்டும் திருத்திவிட்டால் என் வேலை முடிந்துவிடும்.

அன்று காலை நான் மார்க்கெட் போகவில்லை. கூடத்தில்தான் இருந்தேன். பெட்டியைச் சுவரிலிருந்து நகர்த்தி, பின்பலகையைக் கழற்றிவிட்டு, அதற்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ரப்பர் சக்கரம் ஒருவழியாகப் பொருந்தி, மேடை சுற்ற ஆரம்பித்திருந்தது. பெட்டியோடு வந்த இசைத்தட்டு ஒன்றைப் போட்டேன். பிரெஞ்சில் ஒரு பெண் பாடினாள். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. அவ்வளவு சுத்தமான சத்தம்.

கெங்கா துடைத்துக்கொண்டே வந்தாள். பெட்டியின் கால்களுக்கு நடுவே அவள் கால்கள் தெரிந்தன. கணுக்கால்வரை ஈரம். புடவை உறையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள், அதன் நுனி கீழே தொங்கியது. முதலில் கதவைத் துடைத்தாள், பிறகு பக்கவாட்டுப் பலகையை. ப்ளக் எந்தப் பக்கமாகச் சொருகியிருக்கிறது என்பது எனக்குத் தெரியும். நான் கை நீட்டினால் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. துணி முன்பக்கக் கம்பிகளை நோக்கி வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதும் தெரியும். தொடாதே என்று ஒரு வார்த்தை போதும்.

தொடாதே என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். டப்பாவைப் பார்த்ததிலிருந்து அவள் அந்தக் கேள்வியைத்தான் வாய்க்குள் வைத்துக்கொண்டு திரிந்தாள். கேட்டால் நான் ஏதாவது சொல்லியாக வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து என் மனைவியிடம் நான் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. அன்றைக்கு ஆரம்பிக்க வேண்டாம் என்றுதான் பேசாமல் இருந்தேன்.